கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத சுத்தம்

குளித்தாயிற்று, துவைத்த உடை போட்டாயிற்று, வாசனைக்கு எதையோ பூசியும் ஆயிற்று. இனி நாள் முழுக்க நாம் சுத்தமான ஆள் என்ற நினைப்போடு வெளியே கிளம்புகிறோம். அடுத்த அரை மணி நேரத்தில் கதவுக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி, கைபேசி, பிறர் கை என்று எதையெல்லாமோ தொட்ட விரல், கண் உறுத்துகிறதே என்று நேராகக் கண்ணுக்குப் போகிறது. அந்த விரலில் அழுக்கும் இல்லை, நாற்றமும் இல்லை. அதனால் அதில் ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொள்கிறோம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சுத்தமா இல்லையா என்பதை நாம் கண்ணையும் மூக்கையும் வைத்துத் தீர்மானிக்கிறோம். நோயைக் கொண்டுவரும் கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. கையில் ஒட்டியிருக்கும்போது அது நாறுவதும் இல்லை. மூக்கைப் பொத்த வைக்கும் கிருமிகளோ பெரும்பாலும் நம்மைப் படுக்கையில் தள்ளுவதில்லை. ஆகவே நாற்றத்தைப் போக்க நாம் காட்டும் அக்கறைக்கும், நோயைத் தடுக்க உண்மையில் தேவைப்படும் பழக்கத்துக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது.

வியர்வையையே எடுத்துக்கொள்வோம். உடம்பில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உடல் முழுக்கப் பரவியிருக்கும் எக்ரைன் சுரப்பிகள், உப்பும் தண்ணீருமாகச் சுரந்து உடம்பைக் குளிர்விக்கின்றன. அக்குளிலும் இடுப்புக்குக் கீழேயும் இருக்கும் அபோக்ரைன் சுரப்பிகள் பருவ வயதில்தான் வேலையைத் தொடங்குகின்றன. அவற்றின் சுரப்பில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். சுரந்த நிமிடத்தில் இரண்டுக்குமே நாற்றம் கிடையாது. தோலில் குடியிருக்கும் கோரினிபாக்டீரியா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற நுண்ணுயிர்கள் அந்தக் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. நாள் முழுக்க ஓடியாடி வியர்த்துக்கொட்டும் சிறு குழந்தையின் அக்குள் பெரியவர்களுடையதுபோல நாறாததற்கு இதுதான் காரணம். அக்குள் நாற்றம் பக்கத்தில் நிற்பவருக்குச் சங்கடம், நமக்குக் கூச்சம். அலுவலகத்திலும் பேருந்திலும் அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் அது நோய் இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

கண்ணை நம்பியதற்கு உலகம் கொடுத்த விலை என்ன என்பதற்கு வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவு ஒரு சாட்சி. அங்கே இரண்டு வார்டுகள். ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர்கள் வார்டில்தான் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்கள் மிக அதிகம். 1847 ஏப்ரலில் அந்த வார்டில் இறப்பு 18 சதவீதத்தைத் தாண்டியது. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைத் தேடினார். காலையில் பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. அவர்கள் கை கழுவாமல் வரவில்லை. சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தார்கள். கை பளிச்சென்று இருந்தது. ஆனால் பிண வாடை மட்டும் போகவில்லை. அந்த வாடை இருக்கும்வரை ஏதோ ஒன்று கையில் ஒட்டியிருக்கிறது என்று கருதி, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஜூன் மாதத்தில் இறப்பு 2 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். இதன் இரண்டாம் பகுதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முதலில் போட்ட விதிப்படி வார்டுக்குள் நுழையும்போது குளோரின் கரைசலில் ஒரு தடவை கழுவினால் போதும். அதே ஆண்டு அக்டோபரில், சீழ் கசியும் கருப்பைப் புற்றுநோயோடு ஒரு பெண் சேர்க்கப்பட்டு முதல் கட்டிலில் கிடந்தார். மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்த பிறகு வெறும் சோப்பில் கழுவிக்கொண்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். அந்த நேரத்தில் பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் கழுவ வேண்டும் என்று விதி மாறியது. ஆக, காலையில் கழுவினோமா என்பது மட்டும் கேள்வி இல்லை. கடைசியாக எதைத் தொட்டோம், அடுத்து எதைத் தொடப்போகிறோம் என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டுதலும் 'எத்தனை தடவை' என்று எண்ணிக்கை சொல்லவில்லை. 'எந்த ஐந்து தருணங்களில்' என்றுதான் சொல்கிறது.

வீட்டுக்கும் அதே கணக்குதான். கழிப்பறைக்குப் போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சமைக்கவும் சாப்பிடவும் உட்காருமுன், பச்சை இறைச்சியைத் தொட்டதும், மூக்கைச் சிந்தியதும், வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும், காயத்தைத் தொடும் முன்பும் பின்பும். முக்கியமானவை இவ்வளவுதான். மற்ற நேரங்களில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பதால் பெரிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் இந்த நேரங்களைத் தவறவிட்டால், கை முகத்துக்குப் போகும் வழக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வகுப்பில் உட்கார்ந்திருந்த மருத்துவ மாணவர்களைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. சராசரியாக மணிக்கு 23 தடவை முகத்தைத் தொட்டிருந்தார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு கண், மூக்கு, வாய். மருத்துவம் படிப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், முகத்தைத் தொடாதே என்ற அறிவுரை மற்றவர்களிடம் எவ்வளவு எடுபடும்? கையைக் கழுவுவது அதைவிட எளிது.

சரி, சோப்பு அப்படி என்ன செய்கிறது? சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரோடு ஒட்டும். வால் தண்ணீரை விட்டு விலகி எண்ணெயோடும் கொழுப்போடும் ஒட்டும். தோலில் எப்போதும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, கிருமிகள் அதில்தான் பதிந்திருக்கின்றன. வெறும் தண்ணீர் அந்த எண்ணெயின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சோப்பு போட்டால், வால்கள் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, தலைகள் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். துளி கிருமியோடு சேர்ந்து பெயர்ந்து தண்ணீரில் போய்விடும். ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. வால்கள் அதற்குள்ளும் நுழைந்து உறையைக் கிழித்துவிடுவதால் அந்த வைரஸ் அங்கேயே செயலிழக்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸுக்கு அப்படி ஓர் உறை கிடையாது. அது சாவதில்லை, தேய்ப்பினாலும் ஓடும் தண்ணீராலும் அடித்துச் செல்லப்படுகிறது. 20 விநாடி தேய்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த 20 விநாடி எங்கே போகிறது என்று ஒருநாள் கவனித்துப் பார்க்கலாம். பெரும்பாலோர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துவிட்டு முடித்துவிடுகிறோம். கட்டைவிரல் தொடப்படுவதே இல்லை. விரல் நுனி தேய்க்கப்படுவதில்லை, நகத்தடிக்குச் சோப்பு போவதில்லை. கையில் பாக்டீரியா மிக அடர்த்தியாக இருக்கும் இடமே நகத்தடிதான். வாய்க்கும் கண்ணுக்கும் முதலில் போவது விரல் நுனிதான். ஒரு கையின் விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் சோப்பு நுரையோடு சுற்றித் தேய்ப்பதும், கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகுவதும் ஐந்தாறு விநாடி வேலை. நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அப்புறம் துடைப்பது. ஈரக்கையிலிருந்து கிருமி பரவும் அளவு, காய்ந்த கையிலிருந்து பரவுவதைவிடப் பல மடங்கு அதிகம். கழுவிய கையை உடையின் பின்புறம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள், செய்த வேலையில் பாதியைத் தொலைத்துவிட்டுப் போகிறார்கள்.

தண்ணீர் சூடாக இருக்க வேண்டுமா? வேண்டாம். கை தாங்குகிற சூடு கிருமியைக் கொல்லாது, தோலைத்தான் வறட்டும். பலர் தொட்ட சோப்புக்கட்டியால் கிருமி தொற்றுமா? சோப்பின் மேல் பாக்டீரியா இருக்கலாம், ஆனால் கழுவும்போது அது கையில் தங்குவதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமிநாசினி சேர்த்த சோப்பு கூடுதல் பாதுகாப்பா? விளம்பரங்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். கராச்சியின் எளிய குடியிருப்புகளில் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. சில வீடுகளுக்குச் சாதா சோப்பும், சில வீடுகளுக்குக் கிருமிநாசினி சோப்பும் கொடுத்து, கைகழுவும் பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோனியா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. இரண்டு சோப்புகளுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களைப் பொதுமக்களுக்கான சோப்புகளில் தடை செய்தது. சாதா சோப்பைவிட மேலானவை என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம்.

சானிடைசர் தண்ணீர் இல்லாத இடத்துக்கு நல்ல மாற்று; ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்குமான கையில் அது சரியாக வேலை செய்யாது, நோரோவைரஸிடமும் பெரிதாக எடுபடாது. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் சோப்பும் தண்ணீரும்தான்.

கைக்கு அடுத்தபடி கண்ணும் மூக்கும் ஏமாறுகிற இடம் வாய். 1683-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஆண்டனி வான் லேவன்ஹுக், தன் பல் இடுக்கிலிருந்து வெள்ளையாக எதையோ சுரண்டி எடுத்துத் தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். உயிருள்ள சின்னஞ்சிறு ஜீவன்கள் அதில் துள்ளிக்கொண்டிருந்தன. அவர் பல் தேய்க்காத ஆள் இல்லை. தினமும் உப்பு போட்டுத் தேய்த்து வாய் கொப்பளிப்பவர், தன் பல் சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உள்ளவர். அப்படியும் இடுக்கில் அது இருந்தது. பிறகு காடியில் வாய் கொப்பளித்துப் பார்த்தபோது மேலே இருந்தவை மட்டுமே செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்றும் எழுதினார். மவுத்வாஷ் மட்டும் போதும் என்று நினைக்கும் எவருக்கும் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் குறிப்பு இன்னும் பொருந்தும்.

அந்த வெள்ளைப் படலம் வெறும் சாப்பாட்டு மிச்சம் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கைக்கு வழுவழுவென்று படுகிறதே, அதைப்போலப் பாக்டீரியாக்கள் தாமே ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியேறிய கூட்டம் அது. தேய்த்த சில மணி நேரத்திலேயே மறுபடி படியத் தொடங்கும். நாம் இனிப்போ மாவுப்பொருளோ சாப்பிடும்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூடக் குறையும் அளவீடு பிஹெச்; பல்லின் மேல் அது 5.5-ஐ ஒட்டிக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தை மெல்ல மெல்லச் சமன்செய்து, கரைந்த தாதுவையும் ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. இந்த இழுபறி நாள் முழுக்க நடக்கிறது. இனிப்பின் அளவைவிட, கொறித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் பல்லுக்குக் கெடுதல் என்பது இதனால்தான். உமிழ்நீருக்கு அவகாசமே கிடைப்பதில்லை. தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் காலையைவிட இரவு பல் தேய்ப்பதுதான் முக்கியம். நடைமுறையில் நேர்மாறு. காலையில் வாய் நாறுகிறது, அதனால் தேய்க்கிறோம். இரவில் நாற்றம் தெரிவதில்லை, தூக்கம் வருகிறது, படுத்துவிடுகிறோம். மூக்கு சொல்வதைக் கேட்டு நடப்பதன் இன்னொரு விளைவு இது.

தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறார்கள். அந்த இடத்தில் படலம் தங்கி ஈறு வீங்கியிருக்கிறது என்பதற்கான அறிகுறியே அந்த ரத்தம். மென்மையான தூரிகையால் அதே இடத்தை விடாமல் தேய்க்க வேண்டும், நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். படலம் அப்படியே இறுகிக் காரையாகிவிட்டால் எந்தத் தூரிகையாலும் போகாது. ஈறு நோயும் சர்க்கரை நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல் இடுக்குகளுக்குத் தூரிகையின் மயிர் போகாது. அதற்கு நூலோ சின்ன இடுக்குத் தூரிகையோ வேண்டும். ஃப்ளோரைடு உள்ள பற்பசை என்றால் தேய்த்து முடித்ததும் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும்.

குளியலைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். தன்சுத்தம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்; நோய்த் தடுப்பில் கைக்கும் வாய்க்கும் இருக்கும் இடம் அதற்கு இல்லை. தோலின் மேல்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள், கெட்டவை காலூன்ற இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. தலை முதல் கால்வரை தினம் இரண்டு தடவை சோப்பு போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் அந்த ஏற்பாடு குலைந்து, தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பு வழியாகவே கிருமி உள்ளே போகும். அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு நாள்தோறும் சோப்பு வேண்டும். கை காலின் மற்ற பகுதிகளுக்கு, புழுதியிலோ எண்ணெயிலோ வேலை பார்க்காதவர் என்றால், தண்ணீரே போதும்.

குளித்த பிறகு ஈரத்தைத் துடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறோம். கால்விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் ஈரம் தங்கினால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் அங்கேதான் தொடங்கும். ஈரமான துண்டை ஒரு குடும்பமே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒருவர் தோலில் இருப்பது எல்லோருக்கும் வந்து சேரும். கண்ணைப் பார்வையிழக்கச் செய்யும் தொற்றுகளில் முதலிடத்தில் இருக்கும் டிராக்கோமாவும், கை, முகம் துடைக்கும் துணி, கண்ணில் மொய்க்கும் ஈக்கள் வழியாகவே பரவுகிறது. அதை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த நான்கு அம்சத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை, ஆன்டிபயாட்டிக் மருந்துகளோடு முகம் கழுவுவதும் ஓர் அம்சம்.

மாதவிடாய் நாட்களிலும் ஈரம்தான் முதல் எதிரி. நாப்கினை நிறைந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்காமல் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதும், துணி பயன்படுத்தினால் சோப்பு போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் முழுசாக உலர்த்துவதும் தோல் புண்ணாகாமல் காக்கும். மறைவில், வேறு துணிக்கு அடியில் உலர்த்திய துணி உலர்ந்த துணியே அல்ல.

சில இடங்களைச் சும்மா விடுவதும் சுத்தத்தில் சேர்த்திதான். காதுக் குறும்பி அழுக்கு இல்லை. காதுக்குழாயைப் பாதுகாக்கவே அது சுரக்கிறது, தானாக வெளியே நகர்ந்தும் வரும். பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைந்தால் அது உள்ளேதான் தள்ளப்படும். செவிப்பறை கிழிந்து மருத்துவரிடம் வருபவர்களும் உண்டு. பெண்ணுறுப்பின் உட்பகுதியும் அப்படியே. லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் சுரக்கும் லாக்டிக் அமிலம் அங்கே காவல் இருக்கிறது. உள்ளே தண்ணீர் பீய்ச்சியும் வாசனைத் திரவம் விட்டும் கழுவினால் அந்தக் காவல் கலைந்து தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். இந்த இரண்டு இடங்களுக்கும் தனித்தனியே பொருள் விற்கிறார்கள் என்பதால் அவை தேவை என்று ஆகிவிடாது.

ரொம்பச் சுத்தமாக இருந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும் என்று சொல்லிக் கைகழுவுவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. 1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற ஆய்வாளர், வீட்டில் உடன்பிறந்தவர்கள் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். சிறுவயதுத் தொற்றுகள் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்றார். பேச்சு அங்கிருந்து கிளம்பியது. பின்னர் வந்தவர்கள் அதைத் திருத்திச் சொன்னார்கள்: நம் உடலின் தற்காப்பு அமைப்பைப் பழக்குபவை மண்ணிலும் விலங்குகளிடமும் பிற மனிதர்களிடமும் இருக்கும் தீங்கற்ற நுண்ணுயிர்கள், காலராவோ தட்டம்மையோ இல்லை. பிள்ளை மண்ணில் புரண்டு விளையாடட்டும், நாயைக் கட்டிக்கொள்ளட்டும். சாப்பிட உட்காரும்போது கையைக் கழுவட்டும். இரண்டுக்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும், சுத்தமில்லாதவர் என்று ஒருவரை எடைபோடுவதில் நாம் அவசரப்படுகிறோம். தலையில் பேன் உள்ள பிள்ளையை அழுக்குப்பிள்ளை என்கிறோம். பேனுக்குத் தலை கழுவியதா கழுவாததா என்ற கவலையே கிடையாது, தலையோடு தலை உரசினால் ஏறிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020-க்குக் கொடுத்த மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 230 கோடிப் பேருக்கு வீட்டில் சோப்பும் தண்ணீருமாகக் கைகழுவ ஓர் இடம் அப்போது இருக்கவில்லை. அவர்களிடம் போய்ப் பழக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து என்ன பயன்? வசதி இருக்கிற வீட்டிலும் நிலைமை இதன் சின்ன வடிவம்தான். கழிப்பறைக்குப் பக்கத்தில் குழாய் இல்லாமல் பத்தடி தள்ளி இருந்தாலோ, குழாய் இருந்தும் சோப்பு வேறு அலமாரியில் இருந்தாலோ, எவ்வளவு தெரிந்தவரும் அரைகுறையாகக் கழுவிவிட்டுப் போய்விடுவார். பள்ளியிலும் அலுவலகத்திலும் சோப்பு தீர்ந்த புட்டி அப்படியே நாட்கணக்கில் இருப்பதைப் பார்க்கிறோம். அதை நிரப்புவது யார் வேலை என்று ஒருவர் பெயரில் எழுதிவைத்தால், சுவரில் ஒட்டிய கைகழுவும் படங்களைவிட அதிகம் பலன் கிடைக்கும்.